ஆறா, எட்டா? பிரிக் ரயில் வாங்குவோரின் சந்தேகங்கள்

கேள்வி: நாங்கள் சேலம் சூரமங்கலத்தில், ரயில்வே ஜங்ஷனுக்கு நடந்து போகிற தூரத்தில் குடியிருக்கிறோம். பத்து வயசுப் பையன். மொட்டை மாடியில் நின்று போகிற வருகிற வண்டியையெல்லாம் நோட்டில் எழுதி வைக்கிறவன். போன பிறந்தநாளுக்கு லெகோ பயணிகள் ரயில் வாங்கிக் கொடுத்தோம். இப்போது, "அப்பா, இது ஆறு ஸ்டட் அகலம்தான், பொம்மை மாதிரி இருக்கு. எட்டு ஸ்டட்தான் சரியான ஸ்கேல். நீலக் கலர் ஐ.சி.எஃப். பெட்டி எட்டில் கட்டணும்" என்று நிற்கிறான். (ஐ.சி.எஃப். என்றால் சென்னைப் பெரம்பூர் ரயில்பெட்டித் தொழிற்சாலையாம்.) உதிரி பிரிக் விலையைப் பார்த்தால் தலை சுற்றுகிறது. எட்டுக்குப் போகத்தான் வேண்டுமா சார்?

பதில்: வேண்டாம். ஆனால் வெறுமனே "வேண்டாம்" என்று சொன்னால் நோட்டுப் போட்டு ரயில் பார்க்கிற பையன் கேட்க மாட்டான். அவனிடம் பேச உங்களுக்குக் கொஞ்சம் கணக்கு தேவை.

பிரிக்கின் தலையில் இருக்கிற குமிழ்தான் ஸ்டட். ஒரு குமிழின் நடுவிலிருந்து அடுத்த குமிழின் நடுவுக்கு 8 மி.மீ. எனவே ஆறு ஸ்டட் பெட்டி 48 மி.மீ. அகலம், எட்டு ஸ்டட் 64 மி.மீ. லெகோ தண்டவாளத்தின் இரண்டு கம்பிகளுக்கு இடையே சுமார் 37.5 மி.மீ. இந்த இடைவெளி யார் என்ன கட்டினாலும் மாறாது. நம் ஜங்ஷனில் இருக்கிற அகலப் பாதை 1676 மி.மீ. அதை 37.5-ஆல் வகுத்தால் ஏறக்குறைய 45 வரும். அதாவது தண்டவாளத்தை வைத்துப் பார்த்தால் ஸ்கேல் 1:45, நிஜத்தில் 45 மி.மீ. இருப்பது இங்கே 1 மி.மீ. ஐ.சி.எஃப். பெட்டியின் அகலம் 3.245 மீட்டர். 45-ஆல் வகுத்தால் 72 மி.மீ., அதாவது ஒன்பது ஸ்டட்!

ஆக, உங்கள் மகன் சொல்கிற எட்டும் "சரியான ஸ்கேல்" இல்லை. ஐரோப்பிய ரயிலைக் கட்டுகிறவர்களுக்கும் இதே கதைதான். அவர்கள் பாதை 1435 மி.மீ., கணக்குப் போட்டால் 1:38, பெட்டி அங்கேயும் ஒன்பது ஸ்டட்டைத் தாண்டும். எட்டு கட்டுகிறவர்கள் ஒரு ஸ்டட் விட்டுக்கொடுத்தவர்கள், ஆறு கட்டுகிறவர்கள் மூன்று ஸ்டட் விட்டுக்கொடுத்தவர்கள். அவ்வளவுதான் வித்தியாசம். லெகோவின் குட்டி மனிதர்களை வைத்து ஸ்கேல் பிடிக்கலாமே என்றால், அதுவும் உதவாது. அவர்கள் உயரம் 4 செ.மீ. உயரத்தைப் பார்த்தால் 1:42 என்று வரும். குறுக்களவைப் பார்த்தால் ஆள் பீப்பாய்.

இனி முக்கியமான விஷயம். வாங்குகிறவர்கள் எல்லோரும் அகலத்திலேயே நிற்கிறார்கள். காசைக் கரைப்பது நீளம், இடிப்பது வளைவு.

ஐ.சி.எஃப். பெட்டி 21.3 மீட்டர் நீளம். ஆறு ஸ்டட் அகலத்துக்கு ஸ்கேல் 1:68 ஆகிறது, நீளம் 31 செ.மீ.க்குக் கொஞ்சம் மேல். எட்டு ஸ்டட்டுக்கு 1:51, நீளம் 42 செ.மீ. உங்கள் வீட்டில் இருக்கிற வளைவுத் துண்டுகள் பதினாறைச் சேர்த்தால் ஒரு வட்டம் வரும், ஓரத்துக்கு ஓரம் 70 செ.மீ. பாதையின் நடுக்கோடு வரை ஆரம் 32 செ.மீ. அந்த வட்டத்தில் 42 செ.மீ. பெட்டி திரும்பும்போது, சக்கரங்களை நிஜப் பெட்டியில் இருக்கிற இடத்திலேயே வைத்திருந்தால், அதன் நடுவயிறு 3 செ.மீ.க்கு மேல் உள்ளே போகும். இரண்டு முனைகளும் ஏறத்தாழ மூன்றரை செ.மீ. வெளியே நீட்டும். பிளாட்பாரம், சிக்னல் கம்பம், அவன் ஆசையாய்க் கட்டி வைத்த டீக்கடை எல்லாம் காலி. அடுத்தடுத்த பெட்டிகளின் மூலைகளும் முட்டும்.

நிஜத்தில் ரயில்வே இவ்வளவு குறுகலாகத் திரும்புவதே இல்லை. அகலப் பாதையில் அனுமதிக்கிற மிகக் கடுமையான வளைவே 175 மீட்டர் ஆரம். 1:45-இல் அதைப் போட்டால் கிட்டத்தட்ட 3.9 மீட்டர் ஆரம், அரை வட்டத்துக்கே எட்டு மீட்டர் அகலமான அறை வேண்டும். சேலத்தில் கல்யாண மண்டபம்தான் பார்க்கணும்.

அதனால் உலகம் முழுக்கப் பெட்டியின் நீளத்தைக் குறைத்துத்தான் கட்டுகிறார்கள். எட்டு அகலம் என்றால் 36 முதல் 40 ஸ்டட் நீளத்தில் நிறுத்திக்கொண்டு, பெரிய ஆரமுள்ள வளைவுத் துண்டுகளைத் தனியாக வாங்க வேண்டும். டிரிக்ஸ்பிரிக்ஸ், பிரிக்டிராக்ஸ், எஃப்எக்ஸ் பிரிக்ஸ் போன்ற வெளிநாட்டு நிறுவனங்கள் அவற்றைச் செய்கின்றன. ஆர்72 என்று போட்டிருந்தால் ஆரம் 72 ஸ்டட் என்று அர்த்தம். முழு வட்டம் 1.2 மீட்டருக்குக் கொஞ்சம் மேல் இடம் பிடிக்கும். ஆர்104 என்றால் 1.7 மீட்டர். பத்துக்குப் பன்னிரண்டு அடி ஹாலில் அதைப் போடலாம். அப்புறம் சோபாவில் உட்கார வருகிறவர்கள் தாண்டித்தான் வரணும். தபால் செலவும் சுங்க வரியும் தனி.

பிரிக் எண்ணிக்கையும் அகலம் கூடுகிற அளவோடு நிற்காது. அகலம், நீளம், உயரம் மூன்றும் ஒரே விகிதத்தில் கூடுவதால் ஆறிலிருந்து எட்டுக்குப் போனால் சுவரும் கூரையும் ஒன்றே முக்கால் மடங்கு ஆகிவிடும். எடையும் அதையொட்டி ஏறும். ஒரு மோட்டார் திணறும்போது இரண்டாவது கேட்பான், அதற்கும் காசு எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். போதாக்குறைக்கு, ரயிலுக்கென்றே வருகிற முன்கண்ணாடி மாதிரித் துண்டுகள் ஆறு அகலத்துக்குத்தான் கணக்காக இருக்கும். எட்டில் முகப்பைச் சில்லறைத் துண்டுகளால் தானே ஒட்டுப்போட்டுக் கட்ட வேண்டும்.

எட்டுக்கு ஒரு நியாயமான வாதம் இருக்கிறது, அதையும் சொல்லிவிடுகிறேன். ஆறு அகலப் பெட்டியில் இரண்டு சுவர் போக உள்ளே நாலு ஸ்டட்தான். இந்தப் பக்கம் ஒருவர், அந்தப் பக்கம் ஒருவர், நடக்க வழியில்லை. அன்ரிசர்வ்டு பெட்டி என்று சொல்லிச் சமாளிக்கலாம். எட்டில் நடைபாதை கிடைக்கும். ஓரளவு உள்ளே பெர்த் எல்லாம் கட்டலாம். ஓட்டாமல் ஷெல்ஃபில் வைத்துப் பார்க்கப் போகிறான் என்றால் நானே எட்டு என்று சொல்லியிருப்பேன். ஆனால் உங்கள் கடிதத்தைப் பார்த்தால் அவன் ஓட்டுகிற பையன்.

என் தீர்ப்பு: ஆறிலேயே இருங்கள், 32 ஸ்டட் நீளம். நீல நிறமும் ஜன்னல் வரிசையும் சரியாக வந்தால் தூரத்திலிருந்து பார்க்கிறவர்களுக்கு அது ஐ.சி.எஃப். பெட்டிதான். இன்ஜினும் அதே அகலத்தில் இருக்கட்டும். டபிள்யூ.ஏ.பி.-7 இன்ஜினின் அகலம் 3.15 மீட்டர், பெட்டியைவிடக் கொஞ்சம்தான் குறைவு. இன்ஜினை எட்டிலும் பெட்டிகளை ஆறிலும் கட்டினால் ஒரே வண்டி மாதிரி தெரியாது. ஏழு கட்டலாமே என்று அடுத்து கேட்பான். கண்ணுக்கு ஏழு அழகு, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அகலம் ஒற்றைப்படை ஆனவுடன் நடுக்கோடு குமிழின் மேல் போய் விழும், சக்கரத் தொகுதியைப் பொருத்த அரை ஸ்டட் தள்ளி உட்காரும் ஜம்பர் பிளேட் வேண்டும். பன்னிரண்டு வயசில் பார்த்துக்கொள்ளலாம்.

அப்படியும் கேட்கவில்லை என்றால் பைசா செலவில்லாத ஒரு சோதனை. அட்டைப்பெட்டியிலிருந்து 42 செ.மீ. நீளம், 6.4 செ.மீ. அகலத்தில் ஒரு பட்டை வெட்டுங்கள். நடுவிலிருந்து இரண்டு பக்கமும் பதினான்கரை செ.மீ.யில் ஒவ்வொரு ஓட்டை போட்டு, இரண்டு சக்கரத் தொகுதிகளின் மேல் வையுங்கள். வட்டத்தில் அவனையே தள்ளச் சொல்லுங்கள். அதோடு பிரிக்லிங்க் தளத்தின் 'ஸ்டூடியோ' என்ற இலவச மென்பொருளில் முழுப் பெட்டியையும் கணினியிலேயே கட்டிப் பார்க்கட்டும். எத்தனை துண்டு தேவை என்ற பட்டியலும் அதிலேயே கிடைக்கும். அந்தப் பட்டியலுக்கு விலை போடுகிற வேலையையும் அவனிடமே கொடுங்கள்.

கேள்வி: வெளிநாட்டிலிருந்து வந்த மாமா பேரனுக்கு ஹெச்.ஓ. ரயில் இன்ஜின் ஒன்று கொடுத்தார். எங்களிடம் லெகோ தண்டவாளம் இருக்கிறது. ஓடுமா? — அஸ்தம்பட்டி

பதில்: ஓடாது. ஹெச்.ஓ. என்பது சின்ன மாடல் ரயில்களின் ஒரு அளவு, அதன் தண்டவாளம் 16.5 மி.மீ. மட்டுமே. பெரிய மாடல்களும் சேராது. ஓ கேஜ் 32 மி.மீ., அதற்கு மேல் உள்ளது 45 மி.மீ. லெகோவின் 37.5 இரண்டுக்கும் நடுவில் தனியாக நிற்கிறது. இன்ஜினைக் கண்ணாடிப் பெட்டியில் வையுங்கள், அல்லது அதற்குரிய தண்டவாளம் வாங்குங்கள்.

கேள்வி: ஏற்காட்டில் சின்ன தங்கும் விடுதி நடத்துகிறேன். எங்கள் மலைக்கு ரயில் இல்லையே என்று வருகிறவர்கள் எல்லாம் கேட்பார்கள். வரவேற்பறையில், ஊட்டி மலை ரயில் மாதிரி சரிவில் ஏறுகிற லெகோ ரயில் ஒன்று வைக்க ஆசை. என்ன அகலத்தில் வாங்கலாம்?

பதில்: இருபது கொண்டை ஊசி வளைவு ஏறி வருகிறவர்களுக்கு நல்ல வரவேற்புதான். நீங்கள் எட்டு அகலத்தைத் தாராளமாக எடுக்கலாம். நீலகிரி ரயில் மீட்டர் பாதை. 1000 மி.மீ.யை 37.5-ஆல் வகுத்தால் 1:27. அந்த ஸ்கேலில் பார்த்தால் எட்டுகூடக் குறைவுதான். மலை ரயில் பெட்டியை நீளம் குறைத்துக் கட்டினாலும் உறுத்தாது, அதனால் வளைவில் இடிக்கிற தொல்லையும் குறையும்.

சரிவில்தான் கவனம் வேண்டும். ஒரு நேர்த் தண்டவாளத் துண்டு 128 மி.மீ. நீளம். துண்டுக்கு ஒரு பிளேட் (தட்டையான மெல்லிய துண்டு) உயரம், அதாவது 3.2 மி.மீ. ஏற்றினால் இரண்டரை சதவீதச் சரிவு. இதில் மோட்டார் வண்டி நாலைந்து பெட்டி இல்லாமல் இரண்டு பெட்டியோடு போகட்டும். துண்டுக்கு ஒரு முழு பிரிக், 9.6 மி.மீ. ஏற்றினால் ஏழரை சதவீதம். மேட்டுப்பாளையத்திலிருந்து ஏறுகிற நிஜ ரயிலுக்கே மிகக் கடுமையான இடம் பன்னிரண்டுக்கு ஒன்று, அதாவது எட்டு சதவீதத்துக்குக் கொஞ்சம் மேல். அதற்கு நடுவில் பல் தண்டவாளம் போட்டிருக்கிறார்கள். உங்கள் பிளாஸ்டிக் சக்கரத்துக்கு அந்த வசதி இல்லை, வழுக்கும்.

ஜன்னல் ஓரம் வைக்காதீர்கள். வெயில் பட்டால் வெள்ளை பிரிக் மஞ்சளாகும். சீசன் இல்லாத மாதங்களில் பேட்டரியைக் கழற்றி வையுங்கள். உங்கள் ஊர் ஈரத்தில் கசிந்த பேட்டரி உள்ளே இருக்கிற தகட்டைத் தின்றுவிடும். மோட்டாருக்கு மின்சாரம் கொடுக்கிற, இப்போது வருகிற பவர்டு அப் ஹப்புக்கு ஆறு ஏ.ஏ.ஏ. பேட்டரி வேண்டும். வரவேற்பறையில் நாள் முழுக்க ஓடவிட்டால் பேட்டரிச் செலவே ஒரு கணக்காகும், ரீசார்ஜ் பேட்டரி வாங்குங்கள்.

கேள்வி: பழைய 9 வோல்ட் லெகோ ரயில், உலோகத் தண்டவாளத்தோடு ஒருவர் விற்கிறார். இப்போதைய பெட்டிகளோடு சேருமா? — ஃபேர்லேண்ட்ஸ்

பதில்: அகலமும் பாதை அளவும் அதேதான், 1991-இல் வந்த அந்தத் தண்டவாளம் இப்போதைய பிளாஸ்டிக் துண்டோடு மாட்டிக்கொள்ளும். புதிய ரயில் இரண்டிலும் ஓடும். பழைய மோட்டாருக்கு மின்சாரம் தண்டவாளக் கம்பி வழியாக வருவதால் அது உலோகத்தில் மட்டும்தான் ஓடும். தயாரிப்பு நின்று பல வருஷம் ஆகிறது, எனவே மோட்டாரை உங்கள் கண் முன்னால் ஓட்டிக் காட்டாமல் பணம் கொடுக்காதீர்கள். கம்பியில் கறுப்பாகப் படிந்திருந்தால் விலையைக் குறைத்துக் கேளுங்கள்.

கேள்வி: "எட்டு ஸ்டட், இந்திய ரயில், லெகோவோடு சேரும்" என்று போட்டிருந்ததைப் பார்த்து இணையத்தில் ஒரு செட் வாங்கினேன். வந்தது ஆறு ஸ்டட். சக்கரம் தண்டவாளத்தில் உட்காரவே இல்லை. விற்றவர் திருப்பி எடுக்க மாட்டேன் என்கிறார். — அம்மாப்பேட்டை

பதில்: மாட்டேன் என்று சொல்ல அவருக்கு உரிமை இல்லை. 2020-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்பு மின்வணிக விதிகளின்படி, விளம்பரத்தில் சொன்ன தன்மை பொருளில் இல்லையென்றால் விற்பனையாளர் திரும்ப எடுக்க மறுக்கக் கூடாது. விளம்பரப் பக்கத்தை இன்றே ஸ்கிரீன்ஷாட் எடுங்கள், நாளைக்கு மாற்றிவிடுவார்கள். அளவுகோலை வைத்து ரயில் பெட்டியின் அகலத்தைக் காட்டி ஒரு போட்டோ எடுங்கள். பிறகு அந்தத் தளத்தின் குறைதீர்ப்பு அலுவலருக்கு எழுத்தில் புகார். 48 மணி நேரத்துக்குள் பெற்றுக்கொண்டதாகப் பதில் வர வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். நடக்காவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்கு போன் செய்யுங்கள். கடைசியாக சேலத்தில் உள்ள மாவட்ட நுகர்வோர் ஆணையம். ஐந்து லட்சம் ரூபாய் வரையுள்ள பொருளுக்குப் புகார்க் கட்டணமே கிடையாது.

கேள்வி: இரண்டு வயசுக் குழந்தைக்கு லெகோ ரயில் வாங்கலாமா? — கொண்டலாம்பட்டி

பதில்: சின்னக் குழந்தைகளுக்கென்று லெகோ செய்கிற டூப்ளோ வாங்குங்கள் அம்மா. பிரிக் இரண்டு மடங்கு பெரிசு, வாயில் போட்டாலும் விழுங்க முடியாது. தண்டவாளம் மட்டும் பெரிய பிள்ளைகளின் லெகோ ரயிலோடு சேராது, பின்னால் உபயோகப்படும் என்று கூடுதலாக வாங்கி வைக்காதீர்கள். எந்தக் கம்பெனியானாலும் பெட்டியில் ஐ.எஸ்.ஐ. முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். 14 வயசுக்குக் கீழே உள்ள குழந்தைகளின் பொம்மைகளுக்கு 2021 ஜனவரியிலிருந்து அது கட்டாயம்.