வந்தவர்கள் ஏன் ஒரே தெருவில் குடியேறுகிறார்கள்? – கேள்வி பதில்

பெரிய நகரங்களில் வெளியூர்க்காரர்கள் சேர்ந்து வாழும் பேட்டைகளைப் பற்றி என்ன வேண்டுமானாலும் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். கல்லூரியில் நகரப் புவியியல் நடத்தியவன் என்பதுதான் என் தகுதி. கொங்கு நாடு முழுக்க இருந்து கேள்விகள் வந்துவிட்டன. ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்துவிட்டேன்.

கேள்வி (பல்லடம்): எங்க போனாலும் அவங்க ஊர்க்காரங்க பக்கத்துலயே போய் ஒட்டிக்கறாங்களே, அது ஏனுங்க சார்? மத்தவங்களோட கலந்து பழக மாட்டாங்களா?

பதில்: பழகுவது அப்புறம். முதல் நாள் ராத்திரி எங்கே படுப்பது என்பதுதான் முதல் பிரச்சினை. தன்பாத்–ஆலப்புழா எக்ஸ்பிரஸில் வந்து திருப்பூரில் இறங்குகிற பையனிடம் ஒரு பையும் ஒரு போன் நம்பரும் இருக்கும். அந்த நம்பர் அவன் ஊர்க்காரருடையது. அவர் அறையில்தான் பாய் விரிப்பான், அவர் வேலை செய்கிற பனியன் கம்பெனியில்தான் வேலை கேட்பான். அடுத்த வருடம் இவன் நம்பரை வைத்துக்கொண்டு இவன் தம்பி வருவான். இதைச் சங்கிலிக் குடிபெயர்வு என்பார்கள்.

நமக்கும் இது பழசுதான். சேலம், திருச்சி ஜில்லாக்களிலிருந்து இலங்கைத் தோட்டங்களுக்கும் மலாயாவுக்கும் ஆள் கூட்டிப்போன கங்காணிகள் செய்ததும் இதையேதான். ஊருக்குத் திரும்பி வந்து சொந்தக்காரர்களையும் தெரிந்தவர்களையும் சேர்த்துக்கொண்டு போவார்கள். தோட்டத்து லயங்களில், அதாவது தொழிலாளர் வரிசை வீடுகளில், ஒரே ஊர்க்காரர்கள் அடுத்தடுத்த அறைகளில் இருந்தது அப்படித்தான்.

அடுத்தது வாடகை. சிகாகோ நகரத்தை ஆராய்ந்த எர்னஸ்ட் பர்ஜஸ் 1925-இல் ஒரு படம் போட்டார். நடுவில் கடைவீதி, அதைச் சுற்றி வளையம் வளையமாக ஊர். கடைவீதியை ஒட்டிய வளையத்தில் வீட்டுக்காரர்கள் பழுது பார்க்க மாட்டார்கள். நாளைக்கு அங்கேயும் கடை வந்துவிடும், நிலத்தை நல்ல விலைக்கு விற்றுவிடலாம் என்று காத்திருப்பார்கள். அதனால் வாடகை மலிவு, வேலையும் நடந்து போகிற தூரம். புதிதாக வந்தவர்கள் அங்கேதான் அடைந்தார்கள். வசதி வந்ததும் வெளி வளையத்துக்கு நகர்ந்தார்கள், காலியான இடத்துக்கு அடுத்த நாட்டுக்காரர்கள் வந்தார்கள்.

கேள்வி (ஈரோடு): அப்படின்னா எல்லாம் அவங்க விருப்பம்தானே? யாரும் புடிச்சுத் தள்ளலையே?

பதில்: பல இடங்களில் பிடித்துத்தான் தள்ளினார்கள். சான் பிரான்சிஸ்கோ சீனர்களை எடுத்துக்கொள்ளுங்கள். சீனத் தொழிலாளர் நாட்டுக்குள் வரவே கூடாது என்று அமெரிக்கா 1882-இல் சட்டம் போட்டது. அது 1943 வரை நீடித்தது. உள்ளே இருந்தவர்களுக்கு அந்தச் சில தெருக்களுக்கு வெளியே வீடு கிடைப்பதே அபூர்வம். 1906 பூகம்பத்திலும் தீயிலும் சீனப் பேட்டை அழிந்தது. ஊர்ப் பெரிய மனிதர்கள் இதுதான் சமயம் என்று, மதிப்பான அந்த நிலத்திலிருந்து அவர்களை ஊர்க் கோடிக்கு அனுப்பப் பார்த்தார்கள். சீன வியாபாரிகள் விடவில்லை. வெள்ளைக்காரக் கட்டடக் கலைஞர்களை வைத்து, சீனக் கோவில் கோபுரம் (பகோடா) மாதிரியான அடுக்குக் கூரைகளோடு கட்டிடம் எழுப்பினார்கள். வேடிக்கை பார்க்கக் கூட்டம் வந்தால் யாரும் கை வைக்க மாட்டார்கள் என்பது கணக்கு. இன்று சுற்றுலாப் பயணிகள் 'சீனக் கலாசாரம்' என்று படம் எடுப்பது அந்தக் கூரைகளைத்தான்.

அமெரிக்காவில் பல வீட்டுப் பத்திரங்களிலேயே 'இந்த இனத்தாருக்கு விற்கக் கூடாது' என்று எழுதி வைத்திருந்தார்கள். அப்படிப்பட்ட நிபந்தனையை நீதிமன்றங்கள் நிறைவேற்றித் தரக் கூடாது என்று அந்த நாட்டு உச்ச நீதிமன்றம் சொன்னது 1948-இல். நம் ஊரில் பத்திரத்தில் எழுதுவதில்லை. வீடு கேட்டுப் போனால், "நீங்க எந்த ஊருங்க, நம்மாளுங்களா?" என்று வாசலிலேயே முடித்துவிடுகிறோம்.

மும்பையைப் பாருங்கள். தாராவியில் தோல் பதனிடும் வேலைக்குப் போன திருநெல்வேலிப் பக்கத்துத் தமிழர்கள் குடியிருந்தார்கள். எட்டி நடந்தால் மாட்டுங்கா, அங்கே ஆபீஸ் உத்தியோகத்துக்குப் போன தமிழ்ப் பிராமணர்கள். இரண்டு பக்கமும் தமிழ்தான். சாதியும் வேலையும் வாடகையும் நடுவில் கோடு போட்டன.

கேள்வி (திருப்பூர், அனுப்பர்பாளையம்): எனக்கு எட்டு லைன் வீடு இருக்குதுங்க. வடநாட்டு ஆளுகளுக்குத்தான் விடோணும்னு நான் நினைக்கவே இல்லை. ஆனா இப்ப எட்டுலயும் அவங்கதான். இது எப்படி ஆச்சு?

பதில்: நீங்கள் கேட்டதற்கு ஒரு நோபல் பரிசுக்காரர் பதில் சொல்லியிருக்கிறார். தாமஸ் ஷெல்லிங் என்ற பொருளாதார அறிஞர் சதுரங்கப் பலகையில் இரண்டு வகைக் காசுகளைப் பரப்பி நகர்த்திப் பார்த்து, 1971-இல் ஒரு கட்டுரை எழுதினார். பக்கத்தில் மூன்றில் ஒரு பங்கு தன் வகை இருந்தால் போதும், அதற்குக் குறைந்தால்தான் இடம் மாறுவேன் என்பது ஒவ்வொரு காசுக்கும் விதி. ரொம்பத் தாராளமான விதிதான். ஆனாலும் நகர்த்த நகர்த்தப் பலகை இரண்டாகப் பிரிந்துவிடுகிறது. யாருக்கும் வெறுப்பு வேண்டியதில்லை, லேசான விருப்பமே போதும்.

உங்கள் லைனில் நடந்ததும் அதுதான் என்று நினைக்கிறேன். முதல் வீட்டுக்கு ஒரு குடும்பம் வந்தது. அடுத்த வீடு காலியானபோது போர்டு மாட்டும் முன்பே அவர்கள் ஓர் ஆளைக் கூட்டி வந்து அட்வான்ஸ் கொடுத்தார்கள். மூன்று, நான்கு வீடு ஆனதும் மிச்சமிருந்த தமிழ்க் குடும்பம் தண்ணீர் பிடிக்கிற இடத்தில் பேச்சுத் துணை இல்லையென்று மாறிப்போனது. அப்புறம் முனையில் இருக்கிற மளிகைக் கடைக்காரர் கடுகு எண்ணெய் வாங்கி வைத்தார், ரீசார்ஜ் கடையில் இந்தி எழுத்து வந்தது. இனிமேல் வருகிறவருக்கு வேறு தெருவைத் தேட என்ன காரணம் இருக்கிறது?

ஒன்று சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். 'அவங்க கூட்டமாத்தான் இருப்பாங்க' என்று பேசுகிறோம். எந்தப் பேட்டை யாருக்கு என்று தீர்மானிப்பதில் குடியிருப்பவரைவிட, வீடு விடுகிறவருக்கும் ஆள் கொண்டுவரும் காண்ட்ராக்டருக்கும் பங்கு அதிகம்.

கேள்வி (அவினாசி): அப்ப திருப்பூர்ல 'குட்டி பீகார்' உருவாயிருச்சுன்னு சொல்லலாமா?

பதில்: அவசரப்பட வேண்டாம். பர்ஜஸ் படம் இங்கே பொருந்தாது. பனியன் கம்பெனிகள் ஒரே இடத்தில் இல்லை. அவினாசி ரோடு, பல்லடம் ரோடு, வீரபாண்டி, பெருமாநல்லூர் என்று சிதறிக் கிடக்கின்றன, ஆட்களும் அதே மாதிரி சிதறியிருக்கிறார்கள். கம்பெனி ஹாஸ்டலில் இருக்கும் பையன்களுக்குச் சமையல், படுக்கை எல்லாம் உள்ளேயே. அது தங்கும் விடுதி, பேட்டை ஆகாது. பேட்டை ஆக மூன்று வேண்டும்: மனைவி மக்கள் வரவேண்டும், தன் பெயரில் ஒரு கடை போட முடியவேண்டும், பிள்ளைகள் உள்ளூர்ப் பள்ளிக்குப் போகவேண்டும். குடும்பத்தோடு வந்தவர்கள் உள்ள லைன்களில் இதற்கான அறிகுறி தெரிகிறது.

இவர்களுக்கு முன்னால் தேனி, திண்டுக்கல், மதுரை, ராமநாதபுரத்திலிருந்து வந்தவர்களும் இதே மாதிரி ஊர்வாரியாகத்தான் குடியேறினார்கள். இன்று அவர்களை யாரும் வெளியூர்க்காரர் என்று எண்ணுவதில்லை.

கேள்வி (கோவை, பீளமேடு): கோயமுத்தூர்ல இப்படிப் பழைய பேட்டைகள் உண்டா?

பதில்: நிறைய. 1888-இல் முதல் நூற்பாலை வந்ததிலிருந்து இது வந்தவர்களின் ஊர். சுக்கிரவார்பேட்டையிலும் ஆர்.எஸ்.புரத்திலும் வடக்கிலிருந்து வந்த வியாபாரக் குடும்பங்கள், சித்தாபுதூரில் மலையாளிகள் கட்டிய ஐயப்பன் கோவில். நகைத் தொழிலைப் பார்த்தால் இன்னும் சுவாரசியம். நுணுக்கமான வேலைக்கு வங்காளத்துப் பொற்கொல்லர்கள், தங்கம் உருக்கிச் சுத்தம் செய்ய மராத்தியர்கள். பட்டறை எங்கேயோ அங்கேயே குடியிருப்பு. ஒரு தொழிலின் ஒரு படியை ஓர் ஊர்க்காரர்கள் பிடித்துவிட்டால் அந்தத் தெருவும் அவர்களுடையதாகிவிடும்.

கேள்வி (திருச்செங்கோடு): எங்க போர்வெல் ரிக் வண்டி போகாத மாநிலமே இல்லைங்க. ஆனா எந்த ஊர்லயும் ஒரு 'திருச்செங்கோடு பேட்டை' இல்லையே?

பதில்: போர் போட்ட இடத்திலேயே நிற்க முடியாதே! வேலை நகர்ந்துகொண்டே இருக்கிறது, குடும்பம் ஊரில் இருக்கிறது, லாபமும் ஊருக்கு வருகிறது. அடுத்த கேள்வி.

கேள்வி (சூலூர்): அரசாங்கமே எல்லாரையும் கலந்து குடி வெச்சா பிரச்சினை தீர்ந்துரும் இல்லைங்களா?

பதில்: பிரித்து வைப்பது, கலந்து வைப்பது இரண்டையும் செய்து பார்த்த ஊர் சிங்கப்பூர். 1822-இல் ஆங்கிலேய அதிகாரி ராஃபிள்ஸ் காலத்து நகரத் திட்டம், சீனருக்கு இந்தப் பக்கம், சூலியர் என்ற தென்னிந்தியர்களுக்கு இந்தப் பக்கம், அரபியருக்கு அந்தப் பக்கம் என்று பிரித்தது. சிராங்கூன் சாலைப் பக்கம் தமிழர்கள் பெருகியதற்கு அந்தத் திட்டம் காரணமல்ல, அங்கே நடந்த மாட்டு வியாபாரமும் அதையொட்டிய வேலைகளும் காரணம். அங்கே எருமைச் சாலை என்றே ஒரு தெரு இன்னும் இருக்கிறது. அப்புறம் 1989-இல் நேர் எதிராக, அரசு அடுக்குமாடிகளில் ஒவ்வொரு பிளாக்கிலும் எந்த இனம் எத்தனை சதவீதம்தான் இருக்கலாம் என்று உச்சவரம்பு வைத்தார்கள். கலப்பு வந்தது உண்மை. ஆனால் சீனர் வரம்பு நிரம்பிய பிளாக்கில் வீட்டை விற்கிற சிறுபான்மையினருக்கு, பெரும்பான்மையான சீனர்கள் வாங்க முடியாது என்பதால் விலை இறங்கிவிடுகிறது. அங்கே பெரும்பாலானோர் அரசு கட்டிய வீட்டில் இருப்பதால்தான் இதெல்லாம் நடக்கும். தனியார் லைன் வீடுகளை வைத்திருக்கும் நம் ஊருக்கு இது சரிப்படாது.

கேள்வி (காங்கேயம்): கூட்டமா இருந்தா பயமா இருக்காதுங்களா? ஏதாச்சும் ஆனா?

பதில்: பயம் இரண்டு பக்கமும் இருக்கிறது. 2023 மார்ச்சில் தமிழ்நாட்டில் பீகார் தொழிலாளர்களை அடிக்கிறார்கள் என்று பொய் வீடியோக்கள் பரவியபோது, பயந்துபோய் ரயில் ஏறியவர்கள் அவர்கள்தான். பீகார் அரசு ஒரு குழுவை இங்கே அனுப்பிப் பார்க்க வேண்டியதாயிற்று. அக்கம்பக்கத்தில் பேச்சு வார்த்தை இருக்கிற தெருவில் இப்படிப்பட்ட வதந்தி அவ்வளவு சீக்கிரம் பிடிக்காது.

கேள்வி (தாராபுரம்): இந்தப் பேட்டைகள் நிரந்தரமா இருக்குமா?

பதில்: கட்டிடம் இருக்கும், ஆள் மாறும். லண்டன் பிரிக் லேனில் 1743-இல் பிரெஞ்சு புராட்டஸ்டன்ட் அகதிகள் ஒரு தேவாலயம் கட்டினார்கள். 1898-இல் அது யூதர்களின் ஜெபக்கூடம் ஆனது. 1976-இல் வங்கதேசத்தவர்களின் பள்ளிவாசல் ஆனது. பாரிஸின் லா ஷபெல் வேறு மாதிரி. ஈழத் தமிழர் கடைகள் வரிசையாக இருக்கும், பிள்ளையார் கோவில் தேர் ஓடும், தெருவில் தேங்காய் உடைப்பார்கள். ஆனால் அந்தக் கூட்டத்தில் பலர் புறநகரிலிருந்து ரயிலேறி வந்தவர்கள். வீடு ஒரு பக்கம், கடைத்தெரு ஒரு பக்கம்.

கேள்வி (கோபி): பையன் டொரண்டோவுக்குப் படிக்கப் போறானுங்க. ஸ்கார்பரோல நம்ம தமிழ் ஆளுக நிறையப் பேர் இருக்காங்களாம். அங்கயே ரூம் பாக்கச் சொல்லட்டுமா? அரிசி மாவு, பொடியெல்லாம் கட்டிக் குடுக்கோணுமா?

பதில்: முதல் வருடம் தாராளமாக இருக்கட்டும் அக்கா. 1983 கலவரத்துக்குப் பிறகு போன ஈழத் தமிழர்கள் உருவாக்கிய இடம் அது. டாக்டர், வக்கீல், கோவில் எல்லாம் தமிழிலேயே கிடைக்கும். வேலை விஷயத்தில் மட்டும் யோசிக்கச் சொல்லுங்கள். மயாமியில் கியூபாக்காரர்களை ஆராய்ந்து, தன்னவர் நிறுவனங்களில் வேலை செய்தால் முன்னேறலாம் என்று 1980-இல் எழுதினார்கள். ஏழு வருடம் கழித்து வேறு இருவர், அதில் முன்னேறுவது முதலாளிதான், வேலைக்காரருக்கு அவ்வளவு பலன் இல்லை என்று காட்டினார்கள். எனக்கு இரண்டாவது கட்சிதான் சரி என்று படுகிறது. நம்மாள் கடையில் சம்பளம் குறைவாக இருந்தாலும் தயக்கத்தில் கேட்க மாட்டோம். தங்குவது அங்கே, பகுதி நேர வேலை வெளியே என்று வைத்துக்கொள்ளலாம். படிக்கும் கல்லூரி எந்தப் பக்கம் என்று பார்த்துவிட்டு ரூம் எடுக்கட்டும், டொரண்டோ பெரிய ஊர், பஸ்ஸிலேயே பாதி நாள் போய்விடும்.

மாவெல்லாம் வேண்டாம், அங்கேயே கிடைக்கும்.