அம்மாவுக்கு எப்பவும் உடம்பு வலி, டெஸ்ட்ல ஒண்ணும் இல்ல: இது டிப்ரஷனா இருக்குமா?

இருக்கலாம். எங்க வீட்லயும் இதேதான் நடந்துச்சு.

நாங்க ரங்கூன். எங்க அம்மா ஒரு நாள் கூட மனசு சரியில்லைன்னு சொன்னதே இல்ல, தலை பாரம், முதுகு வலி, நெஞ்சு அடைக்குது, கை கால் அசதி, இவ்ளோதான். ரத்தம் பார்த்தோம், ஈசிஜி எடுத்தோம், எல்லாம் நார்மல். காளி கோயில்ல எலுமிச்சம்பழம் வாங்கி சுத்திப் போட்டோம், கயிறு கட்டினோம், அது தப்புன்னு சொல்ல வரல, அதோட நிறுத்திக்கிட்டதுதான் தப்பு. மூணு மணிக்கே முழிச்சு சுவத்தைப் பார்த்து உக்காந்திருப்பாங்க, காலையில ரொம்ப மோசமா இருக்கும், பொழுது சாய சாய கொஞ்சம் தேவலாம்னு இருக்கும். வெள்ளிக்கிழமை கோயிலுக்கு முதல் ஆளா கிளம்புறவங்க, நீங்க போய்ட்டு வாங்கன்னு படுத்துட்டாங்க. மொய்ங்கா (மீன் சாறு ஊத்தின அரிசி நூடுல்ஸ்) வாங்கிட்டு வந்தா ரெண்டு வாயோட வச்சிருவாங்க. பேரன் மடியில ஏறினப்ப கூட முகத்துல ஒண்ணும் மாறல, அன்னிக்குத்தான் எனக்கு பயமே வந்துச்சு.

டாக்டர் முதல்ல தைராய்டு, ரத்தசோகை பார்த்தார், ஏன்னா அதுவும் இதே மாதிரி அசதி காட்டும். அப்புறம் சொன்னார், மனசு சோர்ந்து இருக்கிறதோ எதுலயும் நாட்டம் இல்லாம போறதோ, இதுல ஒண்ணாவது கிட்டத்தட்ட தினமும் 2 வாரம் இருந்து, கூடவே தூக்கம், பசி கெட்டு, வேலை ஓடாம, "நான் உங்களுக்கெல்லாம் பாரம்"னு பேச்சு வந்தா அது வெறும் கவலை இல்லன்னு. கவலைன்னா ஒரு நல்ல சேதி வந்தா கொஞ்சமாச்சும் முகம் தெளியும்.

திடீர்னு நெஞ்சு படபடத்து மூச்சு முட்டி செத்துருவோம்னு பயம் வந்து சில நிமிஷத்துல உச்சத்துக்குப் போய் அப்புறம் அடங்குதுன்னா அது பேனிக் அட்டாக்கா இருக்கலாம், ஆனா முதல் தடவைன்னா இதயத்தை செக் பண்ணாம நீங்களா முடிவு பண்ணாதீங்க.

டிப்ரஷனுக்கு டாக்டர் குடுக்கிற மாத்திரை வேலை செய்ய சில வாரம் ஆகும். எங்க அம்மா 10 நாள்ல ஒண்ணும் கேக்கலன்னு நிறுத்தப் பார்த்தாங்க, விடல.

இன்னொண்ணு, உயிரோட இருக்கவே பிடிக்கலையாம்மான்னு நேராவே கேளுங்க. கேட்டா அந்த எண்ணம் வந்துரும்னு நானும் பயந்தேன், அப்படி வராது. ஆமான்னு சொன்னா தனியா விடாம அன்னிக்கே டாக்டர்ட்ட கூட்டிட்டுப் போங்க.