மலையில் ஓட்டும் ஸ்னோமொபைலின் (பனியில் ஓடும் வண்டி) ஸ்டீயரிங்கையும் முன் சஸ்பென்ஷனையும் வீட்டிலேயே மேம்படுத்த முடியுமா?

முடியும். நானும் வண்டி நிறுத்தும் கொட்டகையில் வைத்துத்தான் செய்தேன். ஆனால் நீங்கள் போட்டிருக்கும் பட்டியலை (ஹேண்டிலைத் தூக்கி வைக்கும் உயரமான ரைசர், அதிர்வைத் தாங்கும் புது ஷாக், முன்னால் வழுக்கிச் செல்லும் அகலமான ஸ்கீ) அப்படியே வாங்கிவிடாதீர்கள். "ஹேண்டில் லூசாக இருக்கிறது, வண்டி நேராகப் போக மாட்டேன் என்கிறது" என்றும் எழுதியிருக்கிறீர்கள். அதற்கான மருந்து அந்தப் பட்டியலில் இல்லை.

முதலில் வண்டியின் முன்பக்கத்தைத் தூக்கி, இரண்டு ஸ்கீயும் தரையில் படாதபடி உறுதியான ஸ்டாண்டில் நிறுத்துங்கள். ஒருவர் ஹேண்டிலை அசையாமல் பிடித்துக்கொள்ள, இன்னொருவர் ஸ்கீயின் மூக்கைப் பிடித்து இடமும் வலமும் ஆட்டட்டும். டை ராடின் (ஸ்டீயரிங் அசைவை ஸ்கீக்குக் கொண்டுபோகும் கம்பி) முனை, ஸ்பிண்டில் புஷ் (ஸ்கீ திரும்பும் அச்சைத் தாங்கும் வளையம்), ஸ்டீயரிங் தண்டின் அடிப்புஷ், ஸ்கீ போல்ட் என்று ஒவ்வொரு இணைப்பிலும் விரலை வைத்துப் பாருங்கள். ஆட்டம் எங்கே பிறக்கிறது என்று விரலே சொல்லிவிடும். ஒவ்வொன்றிலும் அரை மில்லிமீட்டர்தானே என்று விட்டால், ஸ்கீயின் நுனிக்கு வரும்போது அது விரற்கடை அளவாகிவிடும். என் வண்டியில் குற்றவாளி ஸ்பிண்டில் புஷ்கள். கிரீஸே காணாமல் தேய்ந்து முட்டை வடிவமாகியிருந்தன. அவற்றையும் டை ராட் முனைகளையும் மாற்றியதிலேயே பாதிப் பிரச்சினை தீர்ந்தது. கையோடு கீழ் ஏ-ஆர்ம்களை (ஸ்கீயின் அச்சை வண்டியோடு இணைக்கும் கைகள்) இரண்டு பக்கமும் ஒப்பிட்டு அளந்துவிடுங்கள். பனிக்கடியில் புதைந்த கட்டையில் ஒருமுறை மோதியிருந்தால்கூட வளைந்திருக்கலாம். வளைந்த ஆர்மை வைத்துக்கொண்டு எந்த அலைன்மென்ட்டும் (இரண்டு ஸ்கீயும் நேராக நிற்கும்படி வைக்கும் அளவு) நிற்காது.

அப்புறம் அலைன்மென்ட். வண்டியைத் தரையில் இறக்கி, ஹேண்டிலை நேராக வைத்துக் கட்டுங்கள். இரண்டு ஸ்கீயின் மூக்கையும் ஒரு ரப்பர் கயிற்றால் ஒன்றையொன்று நோக்கி இழுத்துக் கட்டினால் மிச்சமிருக்கும் ஆட்டம் ஒரு பக்கமாக ஒதுங்கிவிடும். இது இல்லாமல் எடுத்த அளவை நம்பாதீர்கள். ஸ்கீ போல்ட்டிலிருந்து முன்னும் பின்னும் சம தூரத்தில், ஸ்கீக்கு ஸ்கீ அளந்து பாருங்கள். முன்பக்க அளவு 3 முதல் 6 மி.மீ. வரை கூடுதலாக, அதாவது மூக்குகள் சற்றே வெளிநோக்கி இருப்பது வழக்கம். உங்கள் வண்டியின் கையேட்டில் வேறு எண் இருந்தால் அதுதான் கணக்கு. மூக்குகள் உள்நோக்கித் திரும்பியிருந்தால் கெட்டித்த பனியில் வண்டி இப்படியும் அப்படியும் பாயும். பல டை ராட்களில் ஒரு முனை இடது மரையாக (எதிர்த்திசையில் சுற்றும் மரை) இருக்கும். லாக் நட்டுகளைத் தளர்த்திவிட்டு ராடையே திருகினால் போதும். நீளம் வேண்டுமே என்று மரையை எல்லை தாண்டி வெளியே எடுத்துவிடாதீர்கள். நைலான் வளையம் உள்ள நட்டைக் கழற்றினால் திரும்பப் போட வேண்டாம், புதியது போடுங்கள்.

ரைசர் விஷயத்தில் நான் மாட்டிக்கொண்டேன். ஹேண்டிலை உயர்த்தினேன், கேபிள்களின் நீளத்தை யோசிக்கவில்லை. எஞ்சின் ஓடும்போது ஓரம்வரை திருப்பியதும் த்ராட்டில் கேபிள் இழுபட்டு, வண்டி தானாக உறுமத் தொடங்கியது. கில் சுவிட்சை அடித்து நிறுத்தினேன். ரைசர் போட்டதும், எஞ்சினை அணைத்த நிலையிலேயே இரு ஓரத்துக்கும் திருப்பிப் பாருங்கள். பிரேக் ஹோஸ், ஒயர், கேபிள் எதுவும் விறைக்கக் கூடாது. த்ராட்டிலை அழுத்தி விட்டால் பட்டென்று திரும்பி வர வேண்டும். உயரத்தை முடிவுசெய்ய, பனி பூட்ஸோடு வண்டிமேல் நின்று, முழங்காலை லேசாக மடக்கிப் பாருங்கள். முதுகு வளையாமல் கை எட்டுகிற உயரம் போதும். அதற்கு மேல் போனால் ஹேண்டில் நெளிவதுதான் மிச்சம்.

ஷாக்கில் காயில் ஸ்பிரிங் இருந்தால், முன்னிறுக்கத்தை (ஸ்பிரிங்கை முன்கூட்டியே அமுக்கி வைக்கும் அளவு) கூட்டுவதால் ஸ்பிரிங் கடினமாகாது, முன்பக்கம் உயரும், அவ்வளவுதான். ஏர் ஷாக் என்றால் காற்றை வெளிக்குளிரில் வைத்து நிரப்புங்கள். 20 டிகிரி கதகதப்பில் 70 பிஎஸ்ஐ வைத்துவிட்டு மைனஸ் 20 டிகிரிக்குப் போனால் ஏறத்தாழ 58தான் இருக்கும். நைட்ரஜன் அடைத்த ஷாக்கை மட்டும் வீட்டில் பிரிக்காதீர்கள். உள்ளே அழுத்தம் அதிகம், அது சர்வீஸ்காரர் வேலை.

ஸ்வே பாரை (இடது, வலது சஸ்பென்ஷனை இணைத்து வண்டி சாய்வதைக் குறைக்கும் கம்பி) கழற்றலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். ஆழமான தூள்பனியில், மலைச்சரிவில் குறுக்கே வண்டியைச் சாய்த்து ஓட்டுவதுதான் உங்கள் வேலை என்றால் கழற்றுங்கள், சாய்ப்பது லேசாகும். கெட்டிப்பாதையில் வேகமாக வளைவதும் உண்டு என்றால் விட்டுவிடுங்கள். ஸ்கீ இடைவெளிக்கும் இதே கணக்குதான்: குறுகலாக இருந்தால் சாய்ப்பது எளிது, அகலமாக இருந்தால் வளைவில் நிதானம். இடைவெளியை மாற்றினால் அலைன்மென்ட்டைத் திரும்பப் பார்க்க வேண்டும்.

முன்பக்கம் கனமாக இருக்கிறது என்றும் குறை சொல்லியிருந்தீர்கள். அதற்குப் புதுச் சாமான் வாங்கும் முன், பின் சஸ்பென்ஷனில் உள்ள லிமிட்டர் ஸ்ட்ராப்பை (பின் சஸ்பென்ஷனின் முன்பகுதி எவ்வளவு இறங்கலாம் என்று கட்டுப்படுத்தும் பட்டை) ஒரு ஓட்டை தளர்த்திப் பாருங்கள். ஸ்கீமேல் விழும் பாரம் குறையும். ரொம்பத் தளர்த்தினால் ஏற்றத்தில் மூக்கு தூக்கும், அப்போது ஒரு ஓட்டை பின்வாங்குங்கள். எல்லாம் முடிந்து முதல் ஓட்டம் போய் வந்ததும், கழற்றிய ஒவ்வொரு போல்ட்டையும் டார்க் ரெஞ்ச்சால் (இறுக்கத்தை அளந்து காட்டும் ஸ்பானர்) திரும்பச் சரிபாருங்கள். எனக்கு இரண்டு தளர்ந்திருந்தன.