பெயர்ப் பட்டியலைத் தட்டித் திறக்காதீர்கள்: சுங்கை சிப்புட் கேள்வி பதில்

ஞாயிற்றுக்கிழமை மலேசியாவின் சுங்கை சிப்புட் ஆலய மண்டபத்தில் நோட்பேட், சிஎஸ்வி, வெறும் எழுத்துக் கோப்புகள் பற்றிப் பேசினேன். தாளில் எழுதிக் கொடுத்த கேள்விகளுக்கும் பிறகு புலனத்தில் (வாட்ஸ்அப்) வந்தவற்றுக்கும் பதில் இங்கே. தோட்ட ஆபீசில் கிராணியாக (எழுத்தராக) இருந்த காலத்திலிருந்தே பட்டியல்களோடுதான் என் வாழ்க்கை.

ஆலயக் கணக்குப் பார்க்கும் அண்ணன்: சிஎஸ்வி கோப்பை எக்செலில் திறந்தால் தமிழ்ப் பெயர்கள் குப்பையாகத் தெரிகின்றன, ஐசி (அடையாள அட்டை) நம்பரும் மாறிவிடுகிறது. ஏன்?

இதில் இரண்டு கோளாறு, அண்ணே. சிஎஸ்வி என்பது காற்புள்ளி போட்டுப் பிரித்த வெறும் எழுத்து. எந்தக் குறியாக்கத்தில், அதாவது எழுத்துகளை எண்களாக்கும் எந்த முறையில், எழுதினோம் என்ற குறிப்பு பெரும்பாலும் அதற்குள் இருக்காது. யூடிஎஃப்-8 என்ற குறியாக்கத்தில் ஒவ்வொரு தமிழ்க் குறிக்கும் 3 பைட் (கணினியின் சேமிப்பு அலகு). கோப்பை நேரடியாக இருமுறை தட்டித் திறந்தால் எக்செல் அந்த மூன்றையும் தனித்தனி அந்நிய எழுத்தாகக் காட்டும். இதனால் கோப்பு கெடுவதில்லை, பயப்பட வேண்டாம்.

பயப்பட வேண்டியது இரண்டாவதற்கு. 2005இல் பிறந்த பிள்ளையின் ஐசி 05 என்று தொடங்கும். எக்செல் அதை எண்ணாக எடுத்துக்கொண்டு முதல் சுழியத்தை விழுங்கிவிடும். மற்றவர்களின் 12 இலக்கம் நடுவில் ஓர் ஆங்கில எழுத்தோடு சுருங்கி நிற்கும். அந்த நிலையில் சிஎஸ்வியாகவே சேமித்தால் திரையில் தெரிவதுதான் கோப்பில் விழும். மீதி இலக்கங்கள் போனது போனதுதான். லயம் (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகள்) 3, வீடு 5 என்பதை "3-5" என்று எழுதியிருந்தால் அது தேதியாகிவிடும். லயங்களை இடித்த பிறகு யார் எந்த வீட்டில் இருந்தார்கள் என்று சொல்ல நம்மிடம் மிஞ்சியிருப்பது அந்தப் பட்டியல் ஒன்றுதான். நானே ஒரு முறை அப்படிச் சேமித்துவிட்டு, பழைய செக்ரோல் (தொழிலாளர் வருகைப் பதிவு) புத்தகங்களைப் புரட்டி இரண்டு இரவு உட்கார்ந்து திரும்ப அடித்தேன்.

முதலில் ஒரு நகல் எடுங்கள். அப்புறம் எக்செலில் டேட்டா பகுதிக்குப் போய், டெக்ஸ்ட் அல்லது சிஎஸ்வியிலிருந்து கொண்டுவரும் வழியைத் தேர்ந்தெடுங்கள். குறியாக்கம் 65001 யூடிஎஃப்-8. தரவு வகையைத் தானாகக் கண்டறிய வேண்டாம் என்று சொல்லுங்கள். ஐசி எண்ணை நடுக்கோடுகளோடு எழுதினால் எக்செல் அதைத் தொடாது.

செம்பனைத் தோட்ட மண்டோர் (மேற்பார்வையாளர்): வெறும் எழுத்துக் கோப்பைத் திருத்த எந்த எடிட்டர் நல்லது?

விண்டோசில் நோட்பேட் பிளஸ் பிளஸ். இலவசம்.

தமிழ்ப்பள்ளி டீச்சர்: 1990களில் அடித்த ஆண்டிதழ்க் கோப்பு முழுக்கப் புள்ளி வைத்த ஆங்கில எழுத்தாக இருக்கிறது. திரும்ப அடிக்க வேண்டுமா?

வேண்டவே வேண்டாம், டீச்சர். அது பழைய எழுத்துரு முறை. அந்நிய எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை வைத்திருப்பார்கள். வேர்ட் கோப்பாக இருந்தால் எழுத்துருவின் பெயரை முதலில் குறித்துக்கொள்ளுங்கள். நோட்பேடில் ஒட்டினால் அந்தப் பெயர் தொலைந்துவிடும். பெயர் தெரிந்தால் அதற்கான மாற்றி கொண்டு, எல்லா மொழிகளுக்கும் பொதுவான யூனிகோடு முறைக்குக் கொண்டுவரலாம். நகல் எடுத்துக்கொண்டு தொடங்குங்கள்.

இளைஞர் பகுதித் தம்பி: எக்செலில் தமிழ் தெரியவில்லை.

முதல் பதிலைப் படியுங்கள், தம்பி.

ஆலயச் செயலாளர்: "ஸ்ரீ" என்று தேடினால் பாதிப் பெயர்கள்தான் வருகின்றன.

அருமையான கேள்வி. பழைய விசைப்பலகைகள் ஸ் போட்டு ரீ சேர்க்கும். 2005இல் யூனிகோடில் ஶ என்ற எழுத்து தனியாக வந்தது. அதன் பிறகு ஶ் போட்டு ரீ சேர்ப்பதும் வழக்கில் வந்தது. பெரும்பாலான எழுத்துருக்களில் இரண்டும் ஒரே மாதிரி தெரியும். கணினிக்கு அவை வேறு வேறு சொல்.

ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஐயா: கிரந்தத்தால் வந்த வினை. எல்லாவற்றையும் "திரு" என்று மாற்றிவிட்டால் தொல்லை தீர்ந்தது!

செயலாளர் மறுபடியும்: பதிவுச் சான்றிதழில் ஸ்ரீ என்றுதான் இருக்கிறது, ஐயா. ஒருவர் தாத்தாவின் பெயரை நாம் மாற்ற முடியுமா?

இதற்கு மட்டும் புலனத்தில் விடிய விடியச் செய்தி வந்தது. ஐயா, புதிதாக எழுதுவதற்குத் "திரு" எனக்கும் பிடிக்கும். ஆனால் தேடல் வசதிக்காக ஒருவர் பெயரைத் திருத்தும் உரிமை பட்டியல் எழுதுபவருக்குக் கிடையாது. அவர் எப்படி எழுதினாரோ அப்படியே இருக்கட்டும். நோட்பேட் பிளஸ் பிளஸ்ஸில் தேடும் பெட்டியில், பல வடிவங்களை ஒன்றாகத் தேட உதவும் ரெகுலர் எக்ஸ்பிரஷனைத் தேர்ந்து (ஸ்|ஶ்)ரீ என்று தேடினால் இரண்டு வகையும் வந்துவிடும்.

ஐயா மறுபடியும்: அப்படியானால் தமிழ் எப்போது தூய்மையாகும்?

அது என் துறை இல்லை, ஐயா.

ஐந்தாம் ஆண்டு மாணவி: "தோட்டம்" நான்கு எழுத்துதானே, கணினி ஏன் ஏழு என்கிறது?

உன் கணக்குச் சரி, கண்ணு. தோ, ட், ட, ம் நான்குதான். கணினி த, ஓகாரக் குறி, ட, புள்ளி, ட, ம, புள்ளி என்று எண்ணுகிறது. கோப்பில் 21 பைட்.

பெயர் போடாதவர்: பிரிண்டரில் மை வரவில்லை.

கடைக்கு எடுத்துப் போங்கள்.

இன்னொருவர்: சிஎஸ்வியைத் தட்டித் திறந்து சேமித்துவிட்டேன், ஐசி எல்லாம் சுருங்கிவிட்டது.

மறுபடியும் சேமிக்காதீர்கள். அனுப்பியவரிடம் மூலக் கோப்பை இன்றே திரும்பக் கேளுங்கள். அவரும் திறந்து சேமிப்பதற்குள் கேளுங்கள்.