‘போர்டு போச்சு’ என்று சொன்ன லேப்டாப்: கேள்வி பதில்

திருச்சி வாசகர்: பத்து வருட லேப்டாப். அடாப்டரைச் செருகியதும் அடாப்டரில் எரியும் விளக்கே அணைந்துவிடுகிறது. கடையில் ‘போர்டு (மதர்போர்டு) போச்சு, மாத்தணும்’ என்கிறார்கள்.

பதில்: நல்ல தடயத்தோடு வந்திருக்கிறீர்கள். விளக்கு அணைகிறது என்றால் 19 வோல்ட் உள்ளே வரும் பாதையில் ஷார்ட், அதாவது கரண்ட் குறுக்கு வழியில் நேரே கிரவுண்டுக்கு ஓடுகிறது. அடாப்டர் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள நின்றுவிடுகிறது. முதலில் பேட்டரியைக் கழற்றுங்கள். பிறகு ஜாக்கின் (அடாப்டரைச் செருகும் துளை) பாசிட்டிவுக்கும் கிரவுண்டுக்கும் நடுவே மல்டிமீட்டரில் ஓம்ஸ் பாருங்கள். ஒன்றிரண்டு ஓம்ஸ்தான் காட்டினால் ஷார்ட் உறுதி. ஜாக் வயரோடு தனியாக வரும் மாடல் என்றால் அதைப் பிடுங்கிவிட்டு மறுபடி பாருங்கள். ஜாக்கே குற்றவாளியாக இருந்ததும் உண்டு.

போர்டுதான் என்றால், ஜாக்கை அடுத்து வழக்கமாக எட்டுக்கால் மாஸ்ஃபெட் (கரண்டைத் திறந்து மூடும் சுவிட்ச் சிப்) இரண்டு இருக்கும். அவை வாசல் கதவு மாதிரி. கதவுக்கு அப்பால் ஷார்ட் இருந்தால் பெரும்பாலும் சார்ஜர் ஐசி (சார்ஜைக் கட்டுப்படுத்தும் சிப்) கதவைத் திறக்காது. அடாப்டர் விளக்கு எரியும், லேப்டாப் மட்டும் பிணமாகக் கிடக்கும். உங்களுடையது அணைகிறது. ஆகவே கதவுக்கு இந்தப் பக்கம் ஷார்ட், இல்லையென்றால் கதவே உடைந்திருக்கிறது.

என் சந்தேகம் எழுத்தே இல்லாத அந்தப் பழுப்பு செராமிக் கெப்பாசிட்டர்கள் மேல். பார்வைக்கு நல்ல பிள்ளையாகவே இருக்கும். கரண்ட் அளவைக் கட்டுப்படுத்தும் பவர் சப்ளையில் 1 வோல்ட் வைத்து அந்த லைனுக்குக் கொடுங்கள். மேலே ஐசோபுரொபைல் ஆல்கஹால் தடவுங்கள். ஷார்ட் ஆனது சூடாகும், ஆகவே எதன் மேல் முதலில் காய்கிறதோ அதுதான் ஆள். அதை எடுத்துவிட்டு அதே மதிப்பில், 25 வோல்ட்டுக்குக் குறையாத ஒன்றைப் போடுங்கள். அரிசிமணி அளவு பொருளுக்கு முழு போர்டையும் மாற்றச் சொல்கிறார்கள், என்ன செய்ய!

சேலம் வாசகர்: உள்ளே இருக்கும் போட்டோக்கள்?

பதில்: போர்டோடு டிஸ்க் சாவதில்லை. கழற்றி யுஎஸ்பி கேஸில் போட்டுப் பாருங்கள். பிட்லாக்கர் (விண்டோஸின் டிஸ்க் பூட்டு) போட்டிருந்தால் 48 இலக்க மீட்பு எண் வேண்டும். டிஸ்க்கே போர்டில் சால்டர் ஆகியிருந்தால் போர்டை எழுப்பித்தான் தீரவேண்டும்.

கோவை வாசகர்: 2007 மாடல், என்விடியா கிராபிக்ஸ், திரை கறுப்பு. ஹீட் கன்னால் சூடாக்கினால் சரியாகுமா?

பதில்: வேண்டாம். சமையல் அவனில் வைப்பது அதைவிட வேண்டாம்.

ஈரோடு வாசகர்: நான் செய்தேனே, ஓடியதே!

பதில்: எத்தனை நாள்?

ஈரோடு வாசகர்: மூன்று வாரம். அப்புறம் மறுபடி சூடாக்கினேன். சால்டர் விட்டுப்போனதுதானே காரணம்? ரீபால் செய்தால் நிற்கும்.

பதில்: இந்த இடத்தில்தான் எல்லோரும் வழுக்குகிறார்கள். ரீபால் மாற்றுவது சிப்புக்கும் போர்டுக்கும் நடுவே உள்ள சால்டர் பந்துகளை. அந்தத் தலைமுறையில் கோளாறு சிப்புக்குள்ளேயே: சிலிக்கானையும் அதன் அடித்தட்டையும் சேர்க்கும் நுண்ணிய புடைப்புகளில். சூடாகி ஆறி, சூடாகி ஆறி அவை விரிசல் விடும். 2008 ஜூலையில் என்விடியாவே பேக்கேஜ் பொருளின் பலவீனத்தைச் சொல்லி 15 முதல் 20 கோடி டாலர் வரை ஒதுக்குவதாக அறிவித்தது. ஈயமில்லாத சால்டர் உருகவே சுமார் 217 டிகிரி வேண்டும். அந்தச் சூடு வராமலேயே சிப் சில நாள் எழுந்து உட்காரும். விரிந்து தொட்டுக்கொள்கிறது, அவ்வளவுதான். புதுச் சிப் கிடைத்தால் மாற்றலாம். பழையதை ரீபால் செய்வது காசுக்குக் கேடு.

ஈரோடு வாசகர்: என் மெக்கானிக் இருபது வருட அனுபவசாலி, அவர் ஒத்துக்கொள்ள மாட்டார்.

பதில்: ஒத்துக்கொள்ள வேண்டாம். மூன்று வாரத்துக்கு ஒருமுறை உங்களிடம் காசு வாங்காமல் இருக்கட்டும்.

நெல்லை வாசகர்: லேப்டாப் ஆன் ஆகவில்லை.

பதில்: முதல் பதிலைப் படியுங்கள்.

வேலூர் வாசகர்: ஃபேன் சுற்றுகிறது, திரை வரவில்லை.

பதில்: பேட்டரியைக் கழற்றிவிட்டு ராமை எடுங்கள். பொன்னிறப் பற்களை ரப்பரால் துடைத்து ஒன்றொன்றாகப் போட்டுப் பாருங்கள். கேப்ஸ்லாக் விளக்கு சிமிட்டினால் எண்ணுங்கள். பல மாடல்களில் அதுவே நோயின் பெயர்.

தஞ்சை வாசகர்: சென்னை ரிச்சி தெருவில் பழைய போர்டு வாங்கலாமா?

பதில்: வாங்கலாம். லேப்டாப்பின் பெயரை நம்பாதீர்கள். போர்டிலேயே அச்சிட்ட எண்ணை ஒப்பிடுங்கள்.

புதுச்சேரி வாசகர்: என் மொபைல் சார்ஜ் ஏறவில்லை.

பதில்: மொபைல் என் வேலை இல்லை.

கடலூர் வாசகர்: லேப்டாப் ஆன் ஆகவில்லை, என்ன செய்வது?

பதில்: நெல்லைக்காரரைக் கேளுங்கள்.

நாகர்கோவில் வாசகர்: நீங்கள் சொன்னபடி மல்டிமீட்டர் முனையை வைத்தேன், பொறி பறந்தது!

பதில்: பேட்டரியைக் கழற்றினீர்களா?