வீடு வித்தாச்சு, 1099-எஸ் வந்திருக்கு: டாக்ஸ் ஃபைல்ல காட்டணுமா?

கேள்வி: டல்லாஸ்ல 2019ல 4,20,000 டாலருக்கு வாங்கின வீட்ட போன வருஷம் 6,10,000க்கு வித்தோம், விக்கிற வரைக்கும் அங்கதான் குடியிருந்தோம். இப்ப விற்பனைய முடிச்சுக் குடுத்த டைட்டில் கம்பெனி 1099-எஸ் (வீடு வித்த தொகையச் சொல்ற டாக்ஸ் ஃபார்ம்) அனுப்பியிருக்கு, அதுல முழு 6,10,000மும் இருக்கு. டாக்ஸ் வராதுன்னு ஃப்ரெண்ட்ஸ் சொல்றாங்க, அப்போ காட்டாம விட்டுடலாமா? என் வீட்டுக்காரர் எச்1பி வேலை விசா, நான் அவரோட மனைவிங்கறதால எச்4 விசா.

பதில்: விட்டுடாதீங்கம்மா. டாக்ஸ் வராதது வேற, காட்ட வேண்டாங்கறது வேற. உங்களுக்கு வந்த அதே 1099-எஸ் ஐஆர்எஸ்க்கும் (அமெரிக்க வரித்துறை) போயிருக்கு, உங்க ரிட்டர்ன்ல அது இல்லன்னா நீங்க எவ்வளவுக்கு வாங்கினீங்கன்னு அவங்களுக்குத் தெரியாது, மொத்த தொகையையும் லாபம்னு வெச்சு நோட்டீஸ் வர வாய்ப்பிருக்கு. அந்த ஃபார்ம் வராதவங்க, முழு லாபமும் டாக்ஸ் விலக்குக்குள்ள அடங்கினா காட்டத் தேவையில்ல. வந்துட்டா காட்டியே ஆகணும்.

1099-எஸ்ல ரெண்டாவது பாக்ஸ்ல இருக்கறது வித்த விலைதான், லாபம் இல்ல. வாங்கும்போதும் விக்கும்போதும் கையெழுத்துப் போட்ட ரெண்டு க்ளோஸிங் பேப்பரையும் எடுத்து வெச்சுக்கங்க. வாங்கின விலையோட அப்ப கட்டின டைட்டில் இன்ஷூரன்ஸ், ரெக்கார்டிங் ஃபீஸ், அப்புறம் புது ரூஃப், கிச்சன் ரீமாடல் மாதிரி செலவெல்லாம் சேரும், பெயின்ட் அடிச்சதும் சின்னச் சின்ன ரிப்பேரும் சேராது, லோனுக்காகக் கட்டின ஃபீஸும் சேராது. உதாரணமா இதெல்லாம் 30,000ன்னு வெச்சா உங்க அடக்கம் 4,50,000. ஏஜென்ட் கமிஷனும் மத்த விற்பனைச் செலவும் 33,000ன்னா லாபம் 1,27,000. அஞ்சு வருஷத்துல ரெண்டு வருஷமாவது சொந்தமா வெச்சு குடியிருந்த வீட்டுக்கு, சேர்ந்து ஃபைல் பண்ற தம்பதிக்கு 5,00,000 வரைக்கும் விலக்கு இருக்கு (தனி ஆளுக்கு 2,50,000), அதனால உங்களுக்கு டாக்ஸ் சைபர்.

இத ஃபார்ம் 8949ல (சொத்து வித்த விவரம் எழுதற ஃபார்ம்) லாங் டெர்ம் பகுதியில போடணும்: வித்த விலை 6,10,000, அடக்கம் 4,50,000, கோட் இஎச் (இ செலவுக்கு, எச் வீட்டு விலக்குக்கு), அட்ஜஸ்ட்மென்ட் மைனஸ் 1,60,000, கடைசி கட்டத்துல சைபர். அங்கேர்ந்து ரிட்டர்னோட ஷெட்யூல் டிக்கு (லாப நஷ்டத்த மொத்தமா காட்டற பக்கம்) போகும். நடுவுல வாடகைக்கு விட்டிருந்தா மட்டும் கணக்கு மாறும், டிப்ரிசியேஷன் (வீட்டோட தேய்மானக் கழிவு) பங்குக்கு விலக்கு கிடையாது, அப்படின்னா சிபிஏகிட்ட (ஆடிட்டர்) குடுத்துடறது நல்லது.

விசாவ நெனச்சு பயப்பட வேண்டாம். எச்1பில வருஷக்கணக்கா இங்கயே இருக்கறவங்க டாக்ஸ் கணக்குக்கு பொதுவா ரெசிடென்ட்தான். ஆனா 1099-எஸ்ல அஞ்சாவது பாக்ஸ்ல ஃபாரின் பர்சன்னு டிக் ஆகியிருக்கான்னு ஒரு தடவ பாத்துடுங்க. ஆகியிருந்தா ஃபைல் பண்றதுக்கு முன்னாடியே டைட்டில் கம்பெனிக்கு ஃபோன் போட்டு திருத்தின 1099-எஸ் கேட்டு வாங்குங்க.