போன வருஷம் 'ஏ', இந்த வருஷம் 'பி'

கேள்வி: என் மகளுக்கு இரண்டு வயது. போன மழைக்காலத்தில் மூச்சுக்குழாய், நுரையீரலைப் பாதிக்கும் ஆர்.எஸ்.வி. வைரஸ் தொற்றி மூன்று நாள் ஆஸ்பத்திரியில் இருந்தாள். ரிப்போர்ட்டில் 'ஏ' என்று போட்டிருந்தது. இப்போது மறுபடி சளி, லேசான இளைப்பு. இந்த முறை 'பி' என்கிறார்கள். உருமாறிய புது வைரஸா? வீட்டில் மூன்று மாதக் கைக்குழந்தையும் இருக்கிறான்.

பதில்: புதிது இல்லை அம்மா. ஏ, பி இரண்டும் இதே வைரஸின் இரு வகைகள், உலகெங்கும் பல காலமாகச் சேர்ந்தே உலவுபவை. ஒரு வருஷம் ஒன்றின் கை ஓங்கும், இன்னொரு வருஷம் மற்றதன் கை. ஏ வந்து போனால் பி வராது என்றில்லை. அதே ஏ கூட மறுபடி வரலாம். இந்த வைரஸுக்கு எதிராக உடம்பில் உண்டாகும் எதிர்ப்பு நெடுநாள் நிற்பதில்லை. ஆனால் இரண்டாம் தடவை பெரும்பாலும் முதல் தடவை அளவுக்குப் படுத்தாது.

சரி, உருமாற்றத்துக்கு வருவோம். இந்த வைரஸ் நம் செல்லில் ஒட்டிக்கொள்ள உதவும் புரதம் 'ஜி', உள்ளே நுழைய உதவுவது 'எஃப்'. அதிகம் மாறுவது ஜி. 1999-இல் அர்ஜென்டினாவின் புவனோஸ் ஐரிஸில் கிடைத்த பி வகையில், ஜி மரபணுவின் 60 எழுத்துகள் இரண்டு முறை வந்திருந்தன, அச்சுக் கோக்கும்போது ஒரே வரி இருமுறை விழுந்துவிடுமே, அந்த மாதிரி. 2010-இல் கனடாவின் ஒன்டாரியோவில் எடுத்த மாதிரிகளில் ஏ வகையிலும் இதே கதை, அங்கே 72 எழுத்துகள். சில ஆண்டுகளில் இரண்டுமே இந்தியா உட்பட உலகெங்கும் பரவி, பழையவற்றை ஓரங்கட்டிவிட்டன. உங்கள் மகளைத் தொற்றியதும் அநேகமாக அந்த வம்சம்தான். ஆராய்ச்சியாளருக்கு இது முக்கியம். எனக்கு ரிப்போர்ட்டில் எந்த எழுத்து இருந்தாலும் சிகிச்சை ஒன்றுதான். ஆன்டிபயாடிக் இரண்டையும் கொல்லாது.

எஃப் அவ்வளவாக மாறுவதில்லை. கர்ப்பிணிகளுக்கான தடுப்பூசியும், கைக்குழந்தைகளுக்கான நிர்செவிமாப் என்ற, தயார் நிலையில் உள்ள எதிர்ப்புப் புரத ஊசியும் அதையே குறிவைப்பதால் ஏ, பி இரண்டிலிருந்தும் பாதுகாப்புத் தருகின்றன. அந்த ஊசி உங்கள் ஊரில் கிடைக்கிறதா, பையனுக்குப் போடலாமா என்று குழந்தை மருத்துவரிடம் கேளுங்கள்.

என் கவலையெல்லாம் அவனைப் பற்றித்தான். அக்கா தம்பிக்கு முத்தம் கொடுக்காமல் இருக்க மாட்டாள், தெரியும். சளி நிற்கும்வரை கொஞ்சம் தள்ளியே வையுங்கள். அவளைத் தொட்ட கையைக் கழுவிவிட்டு அவனைத் தூக்குங்கள். தாய்ப்பாலை நிறுத்த வேண்டாம். அவன் தூங்கும்போது ஒரு முழு நிமிஷம் மூச்சை எண்ணுங்கள். 50 அல்லது அதற்கு மேல் போனாலோ, விலா உள்ளே இழுத்தாலோ, வழக்கத்தில் பாதிகூடப் பால் குடிக்காவிட்டாலோ, நடுவில் மூச்சு நின்று நின்று வந்தாலோ, உதடு நீலம் பாய்ந்தாலோ, நடு ராத்திரியானாலும் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிவிடுங்கள்.